வீங்கிய காலுக்கு ஒரு நீர் மாத்திரை: பத்தாண்டு பி.பி. சிகிச்சையின் நிகழ்வு ஆய்வு

2023 ஜூன் முதல் வாரம். அக்னி நட்சத்திரம் முடிந்தும் வெயில் தணியவில்லை. தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில் இட்லிக் கடை நடத்தும் 61 வயது அம்மா, ஐம்பது ரூபாய்த் தாளை வாங்கிக்கொண்டு எண்பது ரூபாய் மீதி கொடுத்தார். சாப்பிட்டவர் சிரித்தபடி திருப்பிக் கொடுத்தார். அடுத்தவரிடமும் கணக்கு அதே மாதிரி தப்பியது. இருபத்திரண்டு வருடமாகக் காகிதம் தொடாமல் மனக்கணக்கிலேயே கல்லாவைப் பார்த்தவர் அவர். மகனுக்கு அப்போதுதான் பயம் வந்தது. அதற்கு முந்தைய மூன்று நாளும் குமட்டலும் நடையில் தள்ளாட்டமும் இருந்திருக்கின்றன, முந்தின இரவு இரண்டு முறை வாந்தி. வெயில்தான் காரணம் என்று விட்டிருந்தார்கள். அப்பா பக்கவாதத்தில் போனவர் என்பதால், அம்மாவுக்கும் அதே என்று நினைத்து ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார் மகன்.

பக்கவாதம் இல்லை. பி.பி.க்காக அவர் போட்ட மாத்திரைகளில்தான் விஷயம் இருந்தது. ஒவ்வொரு மாத்திரையும் தனியாகப் பார்த்தால் நல்ல மாத்திரை. ஒன்றன் மேல் ஒன்றாக அவை வந்து சேர்ந்த வழிதான் அவரைப் படுக்க வைத்தது. நீண்ட காலத்துக்கு பி.பி. மருந்து எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறது, எங்கே தடம் புரள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான நிகழ்வை நான் பார்த்ததில்லை. அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்தபோது

முகம் கோணவில்லை. கை, கால் இரண்டு பக்கமும் ஒரே பலம். பெயரையும் ஊரையும் சரியாகச் சொன்னார். என்ன கிழமை என்றதற்கு வெகுநேரம் யோசித்து, "கடை திறந்தோமே, அப்போ ஞாயித்துக்கிழமை இல்ல" என்றார். படுத்த நிலையில் ரத்த அழுத்தம் 156/86. எழுந்து நின்று மூன்று நிமிடம் கழித்து 138/80. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 52. இரண்டு காலும் கணுக்காலுக்கு மேல் நான்கு விரல் உயரம் வரை வீங்கியிருந்தன. கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நின்றது. கழுத்து நரம்பு புடைக்கவில்லை, மூச்சிரைப்பு இல்லை, நெஞ்சு சுத்தமாக இருந்தது. இதயம் பழுதாகி வரும் வீக்கம் மாதிரி தெரியவில்லை.

மூளை ஸ்கேனில் ஒன்றும் இல்லை. இ.சி.ஜி.யில் துடிப்பு மெதுவாக இருப்பதும், இதயத்தின் இடது கீழறைச் சுவர் கொஞ்சம் தடித்திருப்பதற்கான அடையாளமும் தெரிந்தன. பத்து வருட பி.பி. அதைச் செய்யும். சர்க்கரை 118, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.0, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் இல்லை. தைராய்டு சரியாக இருந்தது.

சோடியம் 117. பொட்டாசியம் 3.2.

சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லி ஈக்விவலன்ட் இருக்க வேண்டும். அது இறங்கும்போது நீர் ரத்தத்திலிருந்து செல்களுக்குள் போகும். மற்ற உறுப்புகள் கொஞ்சம் வீங்கினாலும் தாங்கிக்கொள்ளும். மண்டையோட்டுக்குள் இருக்கும் மூளைக்கு அந்த வசதி கிடையாது. முதலில் குமட்டல், பிறகு தடுமாற்றம், பிறகு குழப்பம், அதற்கும் மேலே போனால் வலிப்பு. அவர் மூன்றாவது படியில் நின்றிருந்தார்.

மஞ்சப்பை

"அம்மா போடுற மாத்திரை எல்லாத்தையும், ஒன்னு விடாம, அட்டையோட எடுத்துட்டு வாங்க தம்பி" என்று மகனை அனுப்பினேன். அரை மணி நேரத்தில் ஒரு மஞ்சப்பையோடு வந்தார். மேஜையில் கொட்டினேன்.

அம்லோடிபின் 10 மி.கி. அட்டெனலால் 50 மி.கி. டெல்மிசார்டன் 40 மி.கி.யும் ஹைட்ரோகுளோரோதயசைட் 12.5 மி.கி.யும் சேர்ந்த கூட்டு மாத்திரை ஒன்று. குளோர்தாலிடோன் 12.5 மி.கி. தனியாக ஒன்று. மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக், அதனால் வயிறு எரியாமல் இருக்க ஒரு பான்டோபிரசோல். ஆறு வகை அட்டை, மூன்று வெவ்வேறு சீட்டு. டைக்ளோஃபினாக்குக்கு அதுவும் இல்லை, மெடிக்கலில் நேராகக் கேட்டு வாங்கியது.

அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி வைத்தபோதுதான் கண்ணில் பட்டது. ஹைட்ரோகுளோரோதயசைட், குளோர்தாலிடோன் இரண்டும் தயசைட் என்ற ஒரே குடும்பத்து நீர் மாத்திரைகள். முதலாவது கூட்டு மாத்திரைக்குள் ஒளிந்திருக்கிறது, பெயரின் கடைசியில் வரும் ஒற்றை 'எச்' எழுத்துதான் அதற்கு அடையாளம். இரண்டாவதை எழுதியவர் முதலாவது உள்ளே இருப்பதைக் கவனிக்கவில்லை. அந்த அம்மா இரண்டையும் தினமும் தவறாமல் போட்டிருக்கிறார்.

மகனும், பிறகு தெளிந்த பின் அவரும் சொன்னதை வைத்து வரலாற்றைக் கோத்தேன். 2013-இல் ஓர் இலவச முகாமில் 168/100 என்று தெரிந்தது. அம்லோடிபின் 5 மி.கி. கொடுத்தார்கள். தலை சுற்றினால் போடுவார், சரியாகிவிட்டால் விடுவார். இதை நான் தினமும் கேட்கிறேன். அம்லோடிபின் அப்படி வேலை செய்கிற மருந்தே இல்லை. உடலில் பாதியாகக் குறையவே 35 முதல் 50 மணி நேரம் எடுக்கும், முழு அளவுக்கு நிலைபெற ஒரு வாரம் ஆகும். தலை சுற்றும்போது போட்ட ஒரு மாத்திரை அந்தத் தலைச்சுற்றலுக்கு எதுவும் செய்வதில்லை. 2016-இல் கணவர் இறந்த பிறகு படபடப்பு என்று போனபோது, நாடித்துடிப்பை மெதுவாக்கும் அட்டெனலால் சேர்ந்தது. படபடப்பு சில மாதத்தில் போய்விட்டது. மாத்திரை தங்கிவிட்டது.

2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கிய பிறகு நிலைமை மாறியது. தன்னார்வலர் பெண் வீட்டுக்கே வந்து பி.பி. பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார். அவருக்குப் பயந்தாவது தினமும் போட ஆரம்பித்தார் இந்த அம்மா. ("அந்தப் பொண்ணு அட்டையை எண்ணிப் பாக்குது டாக்டரம்மா!") அளவு 10 மி.கி. ஆனது. எட்டு வருடத்தில் முதல் முறையாக மருந்து உண்மையிலேயே உடம்புக்குள் போனது. அதோடுதான் கால் வீங்கவும் தொடங்கியது.

2022-இல் பி.பி. இன்னும் அதிகம் என்று ஓரிடத்தில் கூட்டு மாத்திரை எழுதினார்கள். 2023 ஏப்ரலில் கால் வீக்கத்துக்காக வேறோரிடம் போனார். எக்கோ எடுத்தார்கள், இதயம் நன்றாக இயங்கியது. வீக்கத்துக்கு ஒரு நீர் மாத்திரை என்று குளோர்தாலிடோன் வந்தது. சோடியம், பொட்டாசியம் பார்க்கச் சொல்லவில்லை. ஏழு வாரம் கழித்து என் முன்னால் உட்கார்ந்து கிழமையைத் தேடிக்கொண்டிருந்தார்.

கால் ஏன் வீங்கியது

இந்த நிகழ்வின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. உடம்பில் நீர் கூடியதால் அவர் கால் வீங்கவில்லை. நீர் இடம் மாறியதால் வீங்கியது.

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்களுக்கு இது உடனே புரியும். மடையை அகலமாகத் திறந்துவிட்டு வடிகாலை அப்படியே வைத்திருந்தால் வயலில் தண்ணீர் கட்டும். அம்லோடிபின் நுண்தமனிகளைத் தளர்த்துகிறது, அதனால்தான் அழுத்தம் இறங்குகிறது. ஆனால் மறுபக்கம் இருக்கும் நுண்சிரைகளை அது அந்த அளவு தளர்த்துவதில்லை. நடுவில் இருக்கும் தந்துகிகளில் அழுத்தம் கூடி, நீர் திசுவுக்குள் கசிகிறது. 5 மி.கி.யைவிட 10 மி.கி.யில் இது அதிகம், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். அதிகாலை நான்கு மணியிலிருந்து பதினொரு மணி வரை அடுப்பு முன்னால் நின்றுகொண்டே இருக்கிறவருக்குக் கேட்கவே வேண்டாம்.

அதனால் இந்த வீக்கத்துக்கு நீர் மாத்திரை பெரிதாகப் பலன் தராது. வயலில் கட்டிய தண்ணீருக்காக ஆற்றை இறைப்பது போல அது ரத்தத்திலிருந்துதான் நீரையும் உப்பையும் வெளியேற்றும். செய்யக்கூடியவை வேறு: அம்லோடிபினைக் குறைக்கலாம், அல்லது டெல்மிசார்டன், எனலாப்ரில் போன்ற குடும்பத்து மருந்தைப் போதிய அளவில் சேர்க்கலாம். அவை சிரைப் பக்கத்தையும் தளர்த்துவதால் வடிகாலும் திறக்கிறது, வீக்கம் குறைகிறது. இவர் டெல்மிசார்டன் போட்டுக்கொண்டுதான் இருந்தார், ஆனால் 40 மி.கி. மட்டும், அம்லோடிபினோ உச்ச அளவில் இருந்தது.

ஒரு மாத்திரையின் பக்கவிளைவைப் புதிய நோய் என்று எடுத்துக்கொண்டு அதற்கு இன்னொரு மாத்திரை எழுதுவது எங்கள் தொழிலில் அடிக்கடி நடக்கிறது. நானும் எழுதியிருக்கிறேன். காலை நேரத்தில் வெளியே அறுபது பேர் உட்கார்ந்திருக்கும்போது, வீங்கிய காலைப் பார்த்ததும் பேனா தானாக அந்தப் பக்கம் போகும். அதனால் ஏப்ரலில் எழுதிய மருத்துவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பழைய அட்டைகளை அவரிடம் யாரும் காட்டவில்லை, அவரும் கேட்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

"உப்பு குறைஞ்சா மயக்கமா?"

மகனிடம் "ரத்தத்துல உப்பு குறைஞ்சிருச்சு" என்றேன். அவர் முகத்தில் குழப்பம்தான் கூடியது. "உப்பு கூடினாத்தானே பிரஷருன்னு சொல்லி உப்பில்லாம ஆக்கிப் போட்டோம்? அப்புறம் எதிர்வீட்டுத் தாத்தாவுக்கு உப்பு ஏறிருச்சுன்னுதான் டயாலிசிஸ் பண்றாங்க?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. நம் ஊரில் ஒரே 'உப்பு' என்ற சொல்லை மூன்று நான்கு விஷயத்துக்குச் சொல்கிறோம். சாப்பாட்டு உப்பு ஒன்று. கிரியாட்டினின் கூடினால் அதையும் உப்பு என்கிறோம். சிறுநீரில் புரதம் போனால் அதுவும் உப்பு. இப்போது சோடியமும். எதிர்வீட்டுத் தாத்தாவின் உப்பு கிரியாட்டினின். அதற்கும் அம்மாவுக்கும் சம்பந்தம் இல்லை என்று ஒரு தாளில் எழுதிக் காட்டிய பிறகுதான் பேச்சு நகர்ந்தது.

உப்பைக் குறைத்துச் சாப்பிட்டதால் மட்டும் சோடியம் 117-க்கு இறங்காது. தயசைட் குடும்பத்து மருந்துகள், சிறுநீரைத் தண்ணீராக்கி அனுப்பும் சிறுநீரகப் பகுதியில்தான் வேலை செய்கின்றன. அந்தப் பகுதி அடைபட்டால், குடித்த அதிகத் தண்ணீரை வெளியேற்றும் திறமை சிறுநீரகத்துக்குக் குறைந்துவிடும். உப்பு போகும், தண்ணீர் தங்கும். வயதான பெண்கள், ஒல்லியான உடல்வாகு உள்ளவர்கள், நிறையத் தண்ணீர் குடிப்பவர்கள், மூட்டு வலி மாத்திரை போடுபவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். இந்த அம்மா 46 கிலோ. அடுப்புச் சூட்டுக்கும் கோடைக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு நான்கைந்து லிட்டர் தண்ணீர் குடித்திருக்கிறார். நல்லது என்று யாரோ சொன்னது. டைக்ளோஃபினாக் தண்ணீரை உடம்பில் இன்னும் கொஞ்சம் பிடித்து வைக்கும். அது பி.பி.யையும் ஏற்றும், பி.பி. மருந்தின் வேலையையும் மந்தமாக்கும். ஆக, வலி மாத்திரையால் ஏறிய பி.பி.யையும் சேர்த்து இறக்கத்தான் மற்ற மாத்திரைகள் போராடியிருக்கின்றன.

இரண்டு தயசைட்டையும் டைக்ளோஃபினாக்கையும் அன்றே நிறுத்தினோம். குழப்பமும் வாந்தியும் இருந்ததால் 3 சதவீத உப்புக் கரைசல் 150 மில்லி, ஒரே ஒரு தடவை. தண்ணீரைக் குறைத்தோம். பொட்டாசியத்தை மெதுவாக ஏற்றினோம், அதை ஏற்றினாலே சோடியமும் கூடவே ஏறும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு.

இறங்கிய சோடியத்தை வேகமாக ஏற்றிவிடக் கூடாது. 24 மணி நேரத்தில் ஏற்றம் 8-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது பாதுகாப்பு. அவசரப்பட்டால் மூளைத் தண்டில் நரம்புகளின் உறை சிதைந்து, ஆள் தெளிந்த சில நாளில் பேச்சும் கை காலும் விழுந்துவிடலாம். அன்று இரவு பதினொரு மணிக்கு சிஸ்டர் கூப்பிட்டார்: "ஒரு மணி நேரத்துல முந்நூறு மில்லி யூரின் போயிருக்கு மேடம்." தயசைட்டின் பிடி தளர ஆரம்பித்ததும் சிறுநீரகம் அடைத்து வைத்த தண்ணீரை ஒரேயடியாகத் திறந்துவிடும், சோடியம் குதித்து ஏறும். பகலில் தண்ணீர் கொடுக்காதே என்று சொன்ன நானே இரவில் தண்ணீர் குடிக்கக் கொடுக்கச் சொன்னேன். ஆறு மணி நேரத்தில் 121, ஒரு நாளில் 124, இரண்டு நாளில் 129, ஐந்தாம் நாள் 134. மூன்றாம் நாள் காலை, பக்கத்துக் கட்டிலுக்கு வந்த பொட்டலத்தைப் பார்த்து, "இது நேத்து மாவு, புளிச்சிருக்கும்" என்றார். மகன் வராந்தாவுக்குப் போய் அழுதார்.

"எல்லாத்தையும் நிறுத்திட்டா என்ன?"

வீட்டுக்கு அனுப்பும் நாளில் மகன் கேட்டார். மாத்திரையால் வந்த வினை என்றால் மாத்திரையே வேண்டாமே என்று. அவரிடம் 1967-இல் வந்த ஓர் ஆய்வைச் சொன்னேன். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில், கீழ் அளவு 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்கள். 73 பேருக்கு மருந்து, 70 பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. சராசரியாக ஒன்றரை வருடம்தான் கடந்திருக்கும். வெற்று மாத்திரை போட்டவர்களில் 27 பேருக்கு மரணமோ, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்போ வந்தது. மருந்து போட்டவர்களில் 2 பேருக்கு. அன்று கொடுத்த மூன்று மருந்துகளில் ஒன்று ரெசர்பின், நம் சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுத்தது. அந்த வேர் ரத்த அழுத்தத்தை இறக்கும் என்பதை 1949-இல் 'பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்' இதழில் எழுதி உலகத்துக்குக் காட்டியவர் பம்பாயின் ருஸ்தம் ஜல் வகீல். அம்மாவின் அழுத்தம் அந்தப் படைவீரர்கள் அளவுக்கு மோசமில்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன். ஆனால் அப்பா எதில் போனார் என்பது அந்த வீட்டுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மறுபடி முதலிலிருந்து

இனி என்ன மருந்து? நீண்ட கால பி.பி. சிகிச்சையில் முன்வரிசையில் நிற்பவை மூன்று பக்கத்திலிருந்து வருகின்றன: அம்லோடிபின் வகை, டெல்மிசார்டன் அல்லது எனலாப்ரில் வகை, தயசைட் வகை. எது உசத்தி என்று கேட்பவர்களுக்கு நம் நாட்டிலேயே நடந்த டாப்ஸ்பின் ஆய்வு ஒரு பதில் வைத்திருக்கிறது. 2024-இல் முடிவு வந்தது. 32 மையங்களில் 1,981 பேர். அம்லோடிபினும் பெரிண்டோபிரிலும், அம்லோடிபினும் இண்டபமைடும், பெரிண்டோபிரிலும் இண்டபமைடும் என்று மூன்று ஜோடிகளை ஒற்றை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள் (பெரிண்டோபிரில் எனலாப்ரில் வகை, இண்டபமைடு தயசைட் வகை). மூன்றும் அழுத்தத்தை ஏறக்குறைய ஒரே அளவு இறக்கின. எனக்கு இது பெரிய நிம்மதி. அளவு ஒன்றுதான் என்றால், நோயாளியின் உடம்பையும் வேலையையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் கிடைக்கிறது.

இந்த அம்மாவுக்குத் தயசைட் பக்கம் வாழ்நாளுக்கும் மூடிவிட்டது. ஒருமுறை இப்படி சோடியம் விழுந்தவருக்குச் சின்ன அளவில் மறுபடி கொடுத்துப் பார்ப்பதும் கூடாது. இண்டபமைடும் அதே கணக்குதான், பெயர் வேறாக இருந்தாலும். அதற்காகத் தயசைட்டே கெட்ட மருந்து என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பல வீடுகளில் பக்கவாதத்தைத் தடுத்து நிறுத்தியிருப்பது அந்த மலிவான மாத்திரைதான். தொடங்கிய சில வாரத்துக்குள் ஒரு சோடியம், பொட்டாசியம் பரிசோதனை செய்தால் போதும், பெரும்பாலும் விழுவதற்கு முன் பிடித்துவிடலாம்.

அட்டெனலால் ஏன் இருக்கிறது என்று பார்த்தேன். நெஞ்சுவலி இல்லை, இதயம் பலவீனம் இல்லை, படபடப்பு போய் ஏழு வருடம் ஆகிறது. நாடியோ 52. இ.சி.ஜி.யில் இதயச்சுவர் தடித்த 9,193 பேரை வைத்து நடந்த லைஃப் ஆய்வு 2002-இல் வெளியானது. லொசார்டன் போட்டவர்களுக்கும் அட்டெனலால் போட்டவர்களுக்கும் அழுத்தம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இறங்கியது, ஆனால் பக்கவாதம் லொசார்டன் பக்கம் 25 சதவீதம் குறைவு. லொசார்டனும் டெல்மிசார்டனும் ஒரே குடும்பம். இந்த அம்மாவின் இ.சி.ஜி.யும் அதே வகை. அட்டெனலாலை விடுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் ஒரே நாளில் விட முடியாது. திடீரென்று நிறுத்தினால் நாடியும் அழுத்தமும் எகிறும், இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருப்பவருக்கு அது மாரடைப்பில் போய் முடியலாம். 25 மி.கி. இரண்டு வாரம், அதில் பாதி இரண்டு வாரம், அப்புறம் நிறுத்தம்.

டெல்மிசார்டனை வைத்துக்கொண்டேன், தயசைட் சேராத வெறும் மாத்திரையாக. எனலாப்ரில் குடும்பம் சிலருக்கு விடாத வறட்டு இருமலைத் தரும். இட்லிக் கடையில் நாள் முழுக்க இருமுகிறவரிடம் யார் சாப்பிட வருவார்கள்? இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதும் தவறு. 2008-இல் வந்த ஆன்டார்கெட் ஆய்வில் அப்படிச் சேர்த்ததில் பலன் கூடவில்லை, சிறுநீரகக் கோளாறும் மயக்கமும்தான் கூடின. அம்லோடிபினை 5-க்கு இறக்கினேன்.

முதல் மூன்று வாரம் வீட்டு அளவு சராசரி 146/84. கை துறுதுறுத்தது. ஒன்று சேர்க்கலாமா? டெல்மிசார்டனின் முழு வேலை தெரிய நான்கு முதல் எட்டு வாரம் ஆகும். வலி மாத்திரையின் பாதிப்பும் அட்டெனலாலைக் குறைத்ததின் பாதிப்பும் அடங்க வேண்டும். புதிதாக எதையும் சேர்க்காமல், ஏற்கெனவே இருந்த டெல்மிசார்டனையே 80 மி.கி. ஆக்கினேன். இரண்டு வாரத்தில் பொட்டாசியம் 4.3, கிரியாட்டினின் 1.0, இரண்டும் சரி. டெல்மிசார்டன் 80, அம்லோடிபின் 5 இரண்டும் ஒரே மாத்திரையாகக் கிடைக்கிறது, அதையே எழுதினேன். எண்ண வேண்டிய அட்டை ஒன்று குறைந்தால் மறப்பதும் குறையும்.

எப்போது போடுவது என்று கேட்டார். இரவில் போட்டால்தான் நல்லது என்ற பேச்சு கொஞ்ச காலம் பரவலாக இருந்தது. 2022-இல் வந்த டைம் ஆய்வில் 21,104 பேரைப் பார்த்து, காலையில் போட்டாலும் இரவில் போட்டாலும் பக்கவாதம், மாரடைப்பில் வித்தியாசம் இல்லை என்று கண்டார்கள். "நீங்க மறக்காம செய்யற வேலை எதும்மா?" என்றேன். "அடுப்பு பத்த வைக்கிறது." சரி, அடுப்பு பற்றியதும் மாத்திரை. அட்டை கல்லாப்பெட்டியில், சூடு படாத இடத்தில்.

உப்புப் பேச்சு திரும்ப வந்தது. மருத்துவமனையிலிருந்து போன வாரமே வீட்டில் மோரில் கைநிறைய உப்பைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், குறைந்ததை ஈடுகட்ட. பி.பி. 162. மாத்திரை நின்றபிறகு சிறுநீரகம் தன் வேலையைத் தானே செய்யும், உப்பை ஊட்ட வேண்டியதில்லை என்று மறுபடி உட்கார்ந்து விளக்கினேன். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு சிறு கரண்டி அளவு, சமையலில் சேர்ப்பதும் ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாமும் அதற்குள் அடங்க வேண்டும். அவர் கருவாட்டை மட்டும் விடவில்லை, மாதம் இரண்டு தடவை என்று ஒப்பந்தம் ஆயிற்று. தண்ணீர் தாகத்துக்கு ஏற்ற அளவு.

மருமகளின் கேள்வி

செப்டம்பரில் மருமகள் கூட வந்தார். வயது 29. அவருக்கும் 148/94 என்று காட்டியிருக்கிறது. "அத்தைக்கு நல்லா கேக்குதே டாக்டர், அதையே நானும் போடட்டுமா?" என்றார். இரண்டாவது குழந்தைக்குக் காத்திருப்பவர். டெல்மிசார்டனும் எனலாப்ரிலும் கருவிலிருக்கும் குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கர்ப்பத்திலும், கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதும் லபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா என்று வேறு வரிசை இருக்கிறது. நல்லவேளை, கேட்டார். கேட்காமலே கல்லாப்பெட்டி அட்டையிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டிருக்க எவ்வளவு நேரம் ஆகும்? வீட்டில் ஒருவருக்கு எழுதிய பி.பி. மாத்திரையை இன்னொருவர் போடக் கூடாது என்பதை அதற்குப் பிறகு சீட்டு எழுதும்போதெல்லாம் வாய்விட்டுச் சொல்கிறேன்.

எங்கே நிறுத்துவது

2023 டிசம்பரில் வீட்டு அளவு சராசரி 135/79. காலையில் வீக்கம் இல்லை, மாலையில் செருப்பு வார் தடம் மட்டும் லேசாகப் பதிந்தது. இன்னும் இறக்க வேண்டுமா என்பதில் நான் ரொம்ப யோசித்தேன். 2015-இல் வந்த ஸ்பிரிண்ட் ஆய்வில் 9,361 பேர். மேல் அளவை 120-க்குக் கீழே கொண்டுபோனவர்களுக்கு 140-க்குக் கீழே வைத்தவர்களைவிட இதய பாதிப்பும் மரணமும் குறைந்தன. ஆனால் அதே குழுவில் மயக்கம், சிறுநீரக பாதிப்பு, சோடியம், பொட்டாசியம் கோளாறு ஆகியவை கூடின. இந்த அம்மா எந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்தவரோ அதே பள்ளம். மூன்றாவது மருந்தாக ஸ்பைரனோலாக்டோன் சேர்த்திருக்கலாம். கட்டுக்கடங்காத பி.பி.க்கு அது அருமையான மருந்து. ஆனால் டெல்மிசார்டன் கூட இருக்கும்போது பொட்டாசியம் ஏறும், சோடியம் இறங்கவும் வாய்ப்பு உண்டு. 135-இல் இருப்பவருக்கு அந்த ஆபத்தை வாங்கிக் கொடுக்க மனம் வரவில்லை. 130-க்குக் கீழே என்ற இலக்கை விடவில்லை, ஆனால் மாத்திரையால் அல்லாமல் உப்பாலும் நேரத்தாலும் எட்ட முடிகிறதா என்று பார்க்க முடிவெடுத்தேன். காலைக் கூட்டம் குறைந்ததும் பத்து நிமிடம் காலை உயர்த்தி உட்காரச் சொன்னேன்.

2024 மார்ச்சில் 131/77. சோடியம் 137.

மாலை வீக்கத்துக்காக அம்லோடிபினை அதே வகையைச் சேர்ந்த சில்னிடிபினாக மாற்றலாமா என்று ஒருமுறை பேசினோம். அதில் வீக்கம் குறைவு, நம் ஊர் மருத்துவர்கள் நிறைய எழுதுகிறார்கள். ஆனால் பக்கவாதத்தையும் மாரடைப்பையும் தடுக்கும் என்பதற்கு அம்லோடிபினுக்கு இருக்கும் அளவு பெரிய ஆய்வுகளின் பலம் அதற்கு இல்லை. செருப்பு வார் தடத்துக்காக மாற்ற வேண்டாம் என்றார் அவரே.

அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. அட்டையில் இருப்பது எல்லாம் ஆங்கிலம். அதனால் கடைக் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் மகன் தமிழில் எழுதி வைத்தார்: போடும் மாத்திரை எது, எந்த நாளில் சோடியம் எவ்வளவு, அதன் கீழே சிவப்பு மையில் "தயசைட், குளோர்தாலிடோன், இண்டபமைடு கூடாது. டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரை கூடாது." நோட்டு மஞ்சப்பையிலேயே இருக்கும்.

2024 நவம்பரில் மூட்டு வலி தாங்காமல் வேறோர் ஊரில் ஒரு மருத்துவரிடம் போயிருக்கிறார். அவர் வலி மாத்திரை எழுதப் போகும்போது நோட்டைப் பிரித்து முன்னால் வைத்திருக்கிறார். அந்த மருத்துவர் நின்று படித்துவிட்டு, பாரசிட்டமாலும் மேலே தடவும் ஜெல்லும் எழுதி, அதே பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்தும் இட்டிருக்கிறார். 2025 ஜனவரியில் என்னிடம் வந்தபோது அதைத்தான் முதலில் காட்டினார். அன்று அழுத்தம் 128/76, நாடி 72, சோடியம் 138, பொட்டாசியம் 4.4, கிரியாட்டினின் 0.9. அதே மாத்திரை தொடர்கிறது. அடுத்த ரத்தப் பரிசோதனை ஆடியில்.